கைத்துப்பாக்கி இடையில் நிற்பது ஏன்?

எங்கள் ஊர் சேதராப்பட்டில் தொழிற்பேட்டை உண்டு. அங்குள்ள ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர் என் தந்தை. மெஷின் நின்றுவிட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: “எடுத்த எடுப்புல மெஷினைக் கழட்டாதே. முதல்ல உள்ளே போற தகட்டைப் பாரு.” இச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது தேசிய மாணவர் படை முகாமில்தான்.

அங்கே எங்களுக்குக் கொடுத்தது .22 ரைபிள். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து, மீண்டும் முன்னே தள்ள வேண்டும். மூன்றாம் முறை காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டது. பதற்றத்தில் ரைபிளைத் திருப்பப் போனேன். “அசையாதே! குழல் இலக்கைப் பார்க்கட்டும். விரலை வெளியே எடு!” என்று ஹவில்தார் அதட்டினார். அந்த அதட்டலை நான் மறக்கவில்லை. மாலையில் அவரிடம், “நாம் கையால் செய்யும் இவ்வேலையைப் பிஸ்டலில் யார் செய்கிறார்கள், ஐயா?” என்று கேட்டேன். அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் இங்கே தருகிறேன்.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் செல்வதும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்வதுமே அரைத் தானியங்கிப் பிஸ்டல். குண்டை முன்னே தள்ளும் அதே வாயு, தோட்டாவின் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அதனால் மேலுள்ள ஸ்லைடு பின்வாங்குகிறது. கொக்கி போன்ற உறுப்பு காலிக் கூட்டை இழுத்துவர, அது வெளியே தெறிக்கிறது. சுத்தியலும் மீண்டும் தயாராகிறது. அழுந்திய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ளும்போது, மேகசினின் மேல் தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் நம் நாட்டின் விஜய் குமார் வெள்ளி வென்றார். அப்போட்டியில் ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளால் முதலில் 8 விநாடியிலும், பிறகு 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் சுட வேண்டும். அந்த 4 விநாடிக்குள் ஒரு தோட்டா சிக்கினாலும் சுடுபவர் நிலை என்னவாகும்! ஆயுதக் கோளாறு என்றால் விதிகள் சலுகை தருகின்றன; தோட்டா நிரப்ப மறந்தது போன்ற சொந்தத் தவறுக்குச் சலுகை இல்லை.

தடைக்குக் காரணங்களை வரிசையாகப் பார்ப்போம். முதலாவது தோட்டா. .22 தோட்டாவின் வலு குறைவு. ஆகவே வலு சற்றே குறைந்த தோட்டாவும் ஸ்லைடை முழுதும் பின்னே தள்ளாது. அதன் அடியில் விளிம்பு துருத்தி நிற்பதால், மேகசினில் ஒன்றன் விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டாவது மேகசின். அதன் வாய் நெளிந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ தோட்டா சரியான கோணத்தில் எழும்பாது. மூன்றாவது அழுக்கு. ஈயக் குண்டின்மீதுள்ள மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து படியும். துடைத்துவிட்டு அளவாக எண்ணெயிட வேண்டும்; மிகுந்தால் அதுவே அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். நான்காவது நம் கை. மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி முழுவதும் ஸ்லைடோடு பின்னே வந்துவிடும். ஸ்லைடு தன் பாதையை முடிக்காது.

ஸ்பிரிங்கைக் கடைசியாகத்தான் நினைக்க வேண்டும். கடினமான ஸ்பிரிங் போட்டால் நல்லது என்று நானும் எண்ணினேன். அது தவறு. மிகக் கடினமானால் ஸ்லைடு பாதி வழியில் திரும்பும்; மிகத் தளர்ந்தால் பின்னே ஓங்கி மோதும், முன்னே முழுதாக மூடாது. தோட்டாவின் விசைக்கு ஏற்ற ஸ்பிரிங்கே நம்பகமானது. அதை மாற்றுவதும் அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேலை. நம் சோதனைக்கு உரியதன்று.

விடுமுறையில் இதையெல்லாம் தந்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அங்கேயும் முதல்ல தகட்டைத்தான் பாக்கணும்” என்று சிரித்தார். ஆம், தோழர்களே! ஓர் உறுப்பின் வலிமையால் மட்டும் எந்த இயந்திரமும் ஓடுவதில்லை. உறுப்புகளின் பொருத்தத்தால்தான் ஓடுகிறது.