சாகச மிதிவண்டிகளின் டிஸ்க் பிரேக்

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தின் குடத்தோடு இணைந்து சுழலும் உலோக வட்டை, இரு பக்கங்களிலும் அமைந்த உராய்வுக் கட்டைகளால் இறுக்கிச் சக்கரத்தை நிறுத்தும் கருவியாகும். மலை மிதிவண்டிகள் பலவற்றில் இது பயன்படுகிறது. பாறை, சுவர், கம்பி வேலி ஆகியவற்றின் மீது தாவியும் ஒற்றைச் சக்கரத்தில் நின்றும் செய்யப்படும் சாகசங்களுக்கான மிதிவண்டியில், பிரேக்கிடம் எதிர்பார்க்கப்படும் பணி பிற மலை மிதிவண்டிகளில் இருந்து வேறுபட்டது. எனவே அதனைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களும் வேறுபடுகின்றன.

சாகச ஓட்டத்தின் தேவைகள்

மலைச்சரிவில் வேகமாக இறங்குபவரின் பிரேக் நெடுநேரம் உராய்ந்து மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தைத் தாங்குவதே அங்கு முதன்மையான சிக்கல். ட்ரையல்ஸ் எனப்படும் சாகச வகையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இதில் ஓட்டுநர் காலைத் தரையில் ஊன்றாமல் தடைகளைக் கடக்க வேண்டும். பின்சக்கரத்தை அசையாமல் பூட்டி, அதன் மீதே நின்று, அடுத்த தாவலுக்கு ஆயத்தமாகிறார். சக்கரம் பெரும்பாலும் சுழல்வதில்லை. ஆகவே வட்டு சூடேறுவதும் இல்லை. இங்கு பிரேக்கிற்கு வேண்டிய பண்புகள் பின்வருமாறு:

* நின்ற நிலையில் நழுவாத பிடிப்பு.
* முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவான பிடிப்பு. பின்சக்கரத்தில் நிற்பவர் பின்புறம் சாயும்போது சக்கரம் பின்னோக்கி உருள முயலும்.
* ஒரு விரலால் இயக்கக்கூடிய எளிமை. மற்ற விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்க வேண்டும்.
* ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்கும் சீர்மை.

சுவரின் விளிம்பில் நிற்பவருக்குப் பிடிப்பு ஒரு கணம் நழுவினாலும் விழ நேரிடும். ஆகவே கீழிறங்கும் ஓட்டத்துக்கெனச் செய்யப்பட்ட வலிமையான பிரேக், சாகசத்துக்கும் சிறந்ததாக இருக்கும் என்று கூற இயலாது.

விசையின் கணக்கு

நீரியல் டிஸ்க் பிரேக் பாஸ்கல் விதியின்படி இயங்குகிறது. நெம்புகோலை விரலால் இழுக்கும்போது, கைப்பிடியில் உள்ள சிறிய பிஸ்டன் நீர்மத்தை அழுத்துகிறது. அதே அழுத்தம் குழாய் வழியாகக் காலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டன்களை அடைகிறது. பரப்பு கூடும் விகிதத்தில் விசையும் கூடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஓட்டுநரும் மிதிவண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனவும், 30 பாகைச் சரிவில் பின்சக்கரத்தை மட்டும் ஊன்றி நிற்பதாகவும் கொள்வோம். மிதிவண்டி உருளாமல் இருக்க டயரில் ஏறத்தாழ 390 நியூட்டன் விசை வேண்டும். 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 0.33 மீட்டர் என்பதால், குடத்தில் தேவைப்படும் முறுக்குவிசை ஏறத்தாழ 130 நியூட்டன் மீட்டர் ஆகும்.

கைப்பிடிப் பிஸ்டனின் விட்டம் 10 மிமீ, காலிப்பரில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள பிஸ்டன்களின் விட்டம் 22 மிமீ, நெம்புகோல் விகிதம் 5, உராய்வுக் குணகம் 0.4 எனக் கொண்டால், விரல் தர வேண்டிய விசை:

* 160 மிமீ வட்டில் ஏறத்தாழ 92 நியூட்டன்
* 203 மிமீ வட்டில் ஏறத்தாழ 71 நியூட்டன்

வட்டின் விட்டத்தைக் கூட்டுவது எவ்வளவு பயனளிக்கிறது என்பதை இது காட்டுகிறது. சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் இதே வகைப் பயன் கிட்டும். 24 அங்குலச் சக்கரத்துக்கு அதே பிரேக்கில் சுமார் 8 விழுக்காடு குறைந்த விசை போதும். 2009 ஏப்ரலில் வெளியாகி உலகெங்கும் பரவிய, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் எடுக்கப்பட்ட காணொளியில் டேனி மெக்காஸ்கில் ஓட்டியதும் 24 அங்குலச் சக்கர மிதிவண்டியே.

மேற்கண்ட கணக்கு அசையாமல் நிற்பதற்கானது மட்டுமே. உயரத்தில் இருந்து குதித்துத் தரையிறங்கும் கணத்தில் விசை இதைவிடப் பன்மடங்காகலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

பிஸ்டன்களின் எண்ணிக்கை: நான்கு பிஸ்டன் கொண்ட காலிப்பர் இரண்டு பிஸ்டன் கொண்டதைவிட எப்போதும் வலிமையானது என்பது பரவலான கருத்து. உண்மையில் விசையை முடிவு செய்வது பிஸ்டன்களின் மொத்தப் பரப்புக்கும் கைப்பிடிப் பிஸ்டனின் பரப்புக்கும் உள்ள விகிதமே. உராய்வுக் கட்டை பெரிதாவதால் தேய்மானமும் வெப்பமும் பரவலாகின்றனவே அன்றி, உராய்வு விசை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. விகிதத்தை மிகவும் கூட்டினால் நெம்புகோல் நெடுந்தொலைவு நகர வேண்டியிருக்கும் என்பதையும் கருத வேண்டும்.

உராய்வுக் கட்டை: கரிமப் பிசினால் ஆன கட்டைகள் குளிர்ந்த நிலையிலேயே நன்கு பற்றும். உலோகத் துகள்களைச் சுட்டு இறுக்கிச் செய்யப்படும் கட்டைகள் வெப்பத்தையும் சேற்றையும் தாங்கும்; ஆனால் சிறிது சூடேறிய பிறகே முழுத்திறன் காட்டும். சாகச ஓட்டத்தில் வட்டு சூடேறாததால் பெரும்பாலும் கரிமக் கட்டைகளே பொருத்தமானவை.

வட்டின் அளவு: சட்டகமும் முன்கவையும் எந்த அளவு வட்டு வரை ஏற்கும் என்பதை அவற்றின் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அந்த வரம்பை மீறினால் காலிப்பர் பொருத்தப்படும் இடத்தில் விரிசல் ஏற்படலாம். பெரிய வட்டு பாறையில் இடிபட்டு வளையும் வாய்ப்பும் கூடுதல்.

தளர்வு: காலிப்பருக்குள் கட்டைகள் சிறிது ஆடினாலும், பூட்டிய சக்கரம் முன்னும் பின்னும் அசையும். தாவலின்போது இது சமநிலையைக் குலைக்கும். கட்டைகள் காலிப்பரில் இறுக்கமாக அமர்ந்துள்ளனவா, வட்டின் திருகுகள் முறையாக முடுக்கப்பட்டுள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

இயக்கும் முறை: கம்பிவடத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் விலை குறைந்தது, பழுது நீக்க எளிது. ஆயினும் வடத்தின் உறை அழுத்தத்தில் சுருங்குவதால் விசையின் ஒரு பகுதி வீணாகிறது. கைப்பிடியை முழுதாகச் சுழற்றும் வித்தைகளைச் செய்வோர் பின்பிரேக்கை மட்டும் வைத்து, அதன் குழாயை நீளமாக விட்டுக்கொள்வதுண்டு.

ரிம் பிரேக்குடன் ஒப்பீடு

ட்ரையல்ஸ் ஓட்டுநர்கள் பலர் பின்சக்கரத்துக்கு நீரியல் ரிம் பிரேக்கை விரும்புகின்றனர். செருமனியின் மகுரா நிறுவனத்தின் எச்எஸ்33 இவ்வகையில் புகழ்பெற்றது. ரிம்மின் பக்கங்களை அரைப்பான் கொண்டு சொரசொரப்பாக்குவதால் பிடிப்பு மிகும். இங்கு விசை ரிம்மிலேயே செயல்படுகிறது. டிஸ்க் பிரேக்கிலோ விசை குடத்தில் இருந்து ஆரக்கம்பிகள் வழியாகவே டயரை அடைவதால், சக்கரம் சற்று முறுக்கிக்கொள்ளும். மாறாக, ரிம் வளைந்தாலும் நனைந்தாலும் டிஸ்க் பிரேக்கின் செயல் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

பராமரிப்பு

புதிய கட்டைகளைப் பொருத்தியவுடன் சாகசத்தில் இறங்குதல் கூடாது. சமதளத்தில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகம் வரை குறைப்பதைச் சுமார் 20 முறை செய்ய வேண்டும். கட்டையின் பொருள் வட்டில் மெல்லிய படலமாகப் படிந்த பின்னரே முழுப் பிடிப்புக் கிடைக்கும்.

வட்டிலோ கட்டையிலோ எண்ணெய் படக்கூடாது. விரல்களில் உள்ள எண்ணெய்ப் பசைகூடப் பிடிப்பைக் குறைக்கும். சங்கிலிக்கு எண்ணெய் இடும்போது இதில் கவனம் தேவை.

சிமானோ, மகுரா ஆகியவை கனிம எண்ணெயையும், இங்கிலாந்தின் ஹோப் நிறுவனம் டாட் வகை நீர்மத்தையும் பயன்படுத்துகின்றன. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் அடைப்பு வளையங்கள் கெட்டு, பிரேக் செயலிழக்கும். டாட் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதனைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் நெம்புகோல் பஞ்சுபோல் அமுங்கும்; காற்றை வெளியேற்றும் வரை அந்தப் பிரேக்கை நம்பிச் சாகசம் செய்தல் ஆகாது.

சிமானோவின் மலை மிதிவண்டி வட்டுகள் புதிதில் 1.8 மிமீ தடிமன் உடையவை. 1.5 மிமீக்குக் கீழே தேய்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும்.