வாங்குவது சுலபம், விற்க முடியுமா?

2021 அக்டோபர் கடைசியில் ‘ஸ்க்விட்’ என்றொரு கிரிப்டோ டோக்கன் சந்தைக்கு வந்தது. ‘ஸ்க்விட் கேம்’ என்ற கொரியத் தொடரை உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். சில்லறைக் காசில் தொடங்கிய விலை, ஒரு வாரத்துக்குள் 2,800 டாலரைத் தாண்டியது. நவம்பர் 1 அன்று, சில நிமிடங்களில் கிட்டத்தட்டப் பூஜ்ஜியமானது. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்துபோனார்கள்.

விலை அப்படி ஏறியதற்கு ஒரு காரணம் எளிமையானது. வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்க முடியவில்லை. விற்பவரே இல்லாத சந்தையில் விலை ஏறத்தானே செய்யும்? மோசடியின் அறிகுறியாக இருந்த அதே ஏற்றம், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வெற்றியாகத் தெரிந்தது.

அதனால், புதிய காயின் எதுவானாலும் “எவ்வளவு ஏறும்?” என்பது இரண்டாவது கேள்விதான். “நினைத்த நேரத்தில் விற்றுப் பணமாக்க முடியுமா? அதைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?” என்பதே முதல் கேள்வி.

வாங்கும் முன்

பொதுப் பதிவேடு: உண்மையான கிரிப்டோவின் பரிவர்த்தனைகளை ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘ஒன்காயின்’ உலகெங்கும் சுமார் 400 கோடி டாலர் திரட்டியது; அதற்கு உண்மையான பிளாக்செயினே, அதாவது பொதுப் பதிவேடே, இல்லை. அதன் நிறுவனர் ருஜா இக்னடோவா 2017இல் தலைமறைவானார். கம்பெனியின் செயலியில் மட்டுமே தெரியும் காயின், வெறும் திரை எண்.

யாரிடம் எவ்வளவு: ஈதர்ஸ்கேன் போன்ற அதே தளங்களில் ‘ஹோல்டர்ஸ்’ பட்டியல் இருக்கும். எக்ஸ்சேஞ்சுகளின் கணக்குகளைக் கழித்த பிறகும், நாலைந்து வாலட்டுகளில் பெரும்பங்கு குவிந்திருந்தால், அவர்கள் விற்கும் நாளில் உங்கள் காயினுக்கு மதிப்பிருக்காது.

கான்ட்ராக்ட் (டோக்கனின் விதிகள் அடங்கிய நிரல்): புதிய டோக்கன்களை இஷ்டத்துக்கு அச்சடிக்கவும், விற்பனையை நிறுத்தவும், குறிப்பிட்ட வாலட்டை முடக்கவும் உருவாக்கியவருக்கு அனுமதி உண்டா? இதைச் சோதிக்க இலவசத் தளங்கள் உள்ளன. சிறு தொகைக்கு வாங்கி, உடனே விற்றுப் பார்ப்பதும் நல்லது. ஆனால் இன்று விற்க முடிந்தது என்பதால் நாளையும் முடியும் என்று நம்பிவிட வேண்டாம். விதியை மாற்றும் சாவி அவர்களிடமே இருக்கலாம்.

லிக்விடிட்டி: நீங்கள் விற்கும்போது பதிலுக்குக் கிடைக்க வேண்டிய பணம் ஒரு தொகுப்பில் கிடக்கிறது. உருவாக்கியவர் அதை எடுக்க முடியாதபடி பூட்டியிருக்கிறாரா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

விலை: ஒரு பைசா காயின் மலிவானதல்ல. மொத்தக் காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சம் கோடி காயின்கள் இருந்தால், அந்த ஒரு பைசாவே 1,000 கோடி ரூபாய் மதிப்பீடு.

உறுதியான வருமானம்: ‘கெயின்பிட்காயின்’ என்ற முதலீட்டுத் திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாகச் சொன்னது. அது இன்று சி.பி.ஐ. வழக்கு. மாத வருமானத்துக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னாலும், மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை, விலகிவிடுங்கள்.

சட்டம் எதுவரை துணை வரும்?

இந்தியாவில் கிரிப்டோ வாங்குவது குற்றமல்ல. ஆனால் அது சட்டபூர்வப் பணமும் அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. எக்ஸ்சேஞ்சுகள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. பதிவு பெற்றதா என்று பார்த்தே கணக்கு தொடங்குங்கள். ஆனால் அது கறுப்புப் பணத்தைத் தடுக்கும் ஏற்பாடு, உங்கள் முதலீட்டுக்கான பொறுப்பேற்பு அல்ல.

லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு காயினில் 50,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்றால், கையில் எதுவும் மிஞ்சாத நிலையிலும் 15,000 ரூபாய் வரியும் அதன்மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்று. வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 ஜூலையில் ஹேக் செய்யப்பட்டதைத் தொடர்ந்து வந்த ஒரு வழக்கில், கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. உங்கள் பெயரில் உள்ள காயினுக்கு நீதிமன்றத்தில் உரிமை கோர இது வலு சேர்க்கிறது. பெயர் தெரியாத வெளிநாட்டுத் தளத்தில் தொலைத்த பணத்துக்கு, யார்மீது வழக்குப் போடுவது என்பதே சிக்கல்.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் வங்கிக் கணக்குகளில் இருக்கும்வரைதான் முடக்க முடியும். கிரிப்டோவாக மாறி நாடு கடந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். வங்கிப் பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹேஷ் (பிளாக்செயினில் அதன் அடையாள எண்), வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள். ஆள் சேர்த்துப் பணம் திரட்டிய திட்டமானால், தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவு காவல் துறையை அணுகலாம்.

“வரியை முன்கூட்டியே கட்டினால்தான் பணத்தை எடுக்க முடியும்” என்று செயலி கேட்டால் கட்டாதீர்கள். முறையான எக்ஸ்சேஞ்ச் 1 சதவீத டி.டி.எஸ்.ஸை விற்ற தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளும். “இழந்ததை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்” என்று வருபவர்களுக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த அழைப்பையும் சேர்த்துப் புகாரில் எழுதுங்கள்.