உப்புக் காற்றும் இரட்டைப் புகைக்குழலும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, மழையில் கரைந்து சேறாகிக் கிடந்த பாத்திகளை மிதித்துச் சமன்படுத்தும் வேலை மரக்காணத்து உப்பளங்களில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றின் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். சென்னையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓட்டி இவ்விடம் வந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்க் காலைச் சிற்றுண்டி அருந்துவதையே ஒரு விரதம்போல் அனுஷ்டிக்கும் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் அணியணியாகக் கடந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில் வடக்கே வெகு தொலைவிலிருந்து ஒரு சப்தம் எழுந்து வந்தது. அது புல்லட்டின் நிதானமான தாளமும் அன்று. இக்காலத்து வண்டிகளின் மழமழப்பான இரைச்சலும் அன்று. அலுமினியப் பாத்திரத்தில் மணலை வாரி வாரி இறைப்பது போன்ற ஒரு கரகரப்பு, வேகம் ஏற ஏறக் கூர்மையாகி, அருகில் வந்ததும் அடங்கிற்று. பின்னால் இரண்டு புகைக்குழல்களிலிருந்தும் வெண்ணீலப் புகை மெல்ல அவிழ்ந்து, உப்பளத்துப் பக்கமாகக் கலைந்தது.

இறங்கியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. தேநீர் கேட்பதற்கு முன்னால் அவர் கடைக்காரரிடம் கேட்டது தண்ணீர்.

“அண்ணே, ஒரு வாளி நல்ல தண்ணி கிடைக்குமா? குடிக்க இல்ல, வண்டிக்கு.”

வாங்கிய தண்ணீரைச் சக்கரக் கம்பிகளின்மீதும் புகைக்குழல்களின்மீதும் சிறிது சிறிதாக ஊற்றித் துணியால் துடைக்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு தாமாகவே சொன்னார்: “உப்புக் காத்து சார். இப்பவே கழுவலைன்னா வீடு போறதுக்குள்ள ஸ்போக்ஸ்ல பூத்துடும். புது ஸ்போக்ஸ் போடலாம்தான். எங்க போய்த் தேடறது?”

அவ்வண்டி ராஜ்தூத் 350. வாலிபர்கள் பலர் அதன் பெயரைக்கூடச் சரியாக அறியமாட்டார்கள். அறிந்தவர்களோ அதை முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘ஆர்.டி.’ என்ற இரண்டெழுத்தே அவர்களுக்குப் போதும்.

ஜப்பானின் யமஹா நிறுவனம் 1973இல் வெளியிட்டு, 1975ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்ட ஆர்.டி. 350 என்னும் பந்தய ரத்தம் ஓடிய வண்டியை, எட்டாண்டுகள் கழித்து 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. அதே நிறுவனம் 1962 முதல் செய்து வந்த, கிராமத்துப் பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய சாதுவான ராஜ்தூத் 175இன் குடும்பப் பெயரே இந்தப் புதிய வண்டிக்கும் சூட்டப்பட்டது. பசுவின் பெயரை வேங்கைக்கு வைத்தது போன்ற காரியம் அது. அன்றைக்குச் சாலைகளில் பெரிய வண்டி என்று பெயர்பெற்றிருந்த புல்லட், திருவொற்றியூரில் ஐம்பதுகளின் நடுப்பகுதி முதல் செய்யப்பட்டு வந்தது. அதன் எஞ்சின் 346 சி.சி., திறன் சுமார் 18 குதிரைசக்தி. ஆர்.டி.யின் எஞ்சினும் ஏறக்குறைய அதே அளவுதான், 347 சி.சி.; ஆனால் திறன் 30 குதிரைசக்திக்கு மேல். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால்தான், அதன் சொந்தக்காரர்கள் நாற்பதாண்டுகளாக அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுபவை என்பது விளங்கும்.

புல்லட்டின் எஞ்சினில் சுழல்தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். ஆர்.டி.யில் உள்ளதோ டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு உண்டு. போதாக்குறைக்குச் சிலிண்டரும் இரண்டு. உள்ளே நுழையும் பெட்ரோல் கலவை வந்த வழியே திரும்பிப் போகாதபடி தடுக்கும் மெல்லிய தகடுகளான ‘ரீட் வால்வு’ என்ற உத்தியையும் யமஹா சேர்த்திருந்தது. தாழ்ந்த வேகத்தில் அவ்வண்டி ஏதோ வேண்டாவெறுப்பாக நடப்பது போலவே நடக்கும். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று என்னும் எல்லையை நெருங்கும்போது, இதுவரை உறங்கிக்கொண்டிருந்த வேறொரு பிராணி திடீரென்று விழித்துக்கொண்டதுபோல் முன்னே பாயும். ‘பவர் பேண்ட்’ என்று வண்டிக்காரர்கள் சொல்லும் அந்தக் கணத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், இந்த இரட்டைக்குழல் ஓசையைக் கேட்பதற்கென்றே லாரிகளிலும் சைக்கிள்களிலும் ஜனங்கள் திரண்ட கதையை, அக்காலத்து இளைஞர்கள் இன்றும் கண்ணில் ஒளியோடு சொல்வார்கள்.

ஆனால் இந்த வண்டி நம் தேசத்துக்கு வந்தபோது முழு உருவில் வரவில்லை. ஜப்பானிய மூலத்தில் 39 குதிரைசக்தி இருந்தது. இங்கே முதலில் வந்த ‘எச்.டி.’ வகையில் அது 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்ற முறையீடுகளுக்குப் பிறகு வந்த ‘எல்.டி.’ வகையில் 27 ஆக மேலும் குறைந்தது. முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் நீக்கப்பட்டு, டிரம் பிரேக் வைக்கப்பட்டது. பாய்வதற்கு அவ்வளவு வலிமையும் நிற்பதற்கு இவ்வளவு சொற்ப வலிமையும் கொண்ட வண்டி, அனுபவமற்ற வாலிபர்கள் கையில் அகப்பட்டபோது நேர்ந்த விபத்துக்களால், ஆர்.டி. என்றால் ‘ராப்பிட் டெத்’, அதாவது சீக்கிர மரணம், என்று ஒரு துர்ப்பெயரும் அதற்கு ஏற்பட்டது. அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மகனை இழந்த தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

விலை ஏறக்குறைய 18,000 ரூபாய். அக்காலத்து நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் கிடைத்தாலே பாக்கியம். இதே சமயத்தில்தான் 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், 1985இல் ஹீரோ ஹோண்டாவும் நூறு சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்து, ஒரு லிட்டரில் ஊர் சுற்றிவரலாம் என்ற ஆசையை வீடுதோறும் விதைத்தன. எஸ்கார்ட்ஸே 1985இல் கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 100, அண்ணனின் வேகத்தில் ஒரு பங்கைப் பாதிச் செலவில் தந்து, அண்ணனின் சந்தையையே பறித்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டு முடிகையில் ராஜ்தூத் 350இன் உற்பத்தியும் முடிந்தது. பின்னர் இரு நிறுவனங்களின் கூட்டும் பிரிந்து, 2001இல் யமஹா தனித்து நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால், எரியாத பெட்ரோலைப் புகையோடு வெளியே விடும் இயல்புள்ள டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் யுகமே நம் நாட்டில் அஸ்தமித்தது.

யுகம் அஸ்தமித்தது, வண்டிகள் அஸ்தமிக்கவில்லை. அங்கேதான் சங்கடமெல்லாம் ஆரம்பமாகிறது.

ஒரு ஆர்.டி.யை ஓடும் நிலையில் வைத்திருப்பது என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே கார்புரேட்டர், தனித்தனியே ‘பாயிண்ட்’. இவையிரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்று இம்மி பிசகினாலும் வண்டி ஒரு காலை நொண்டி நடக்கும். ஆயில் பம்ப் சிறிது சோம்பினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைகள், சொந்தக்காரர் காதில் இழவுச் செய்திபோல் விழும். பிறகு லேத்துக்குப் போய்ச் சிலிண்டரைக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டனைத் தேடி அலைய வேண்டும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காவிட்டால் டில்லி கரோல்பாக் வரை ஆள் அனுப்பி, கிடைத்தது அசலா போலியா என்று தெரியாமல் பொருத்திப் பார்த்து, போலியென்று கண்டு மறுபடி அலையும் அந்தப் பிரயாசை வேறெந்த வாகனத்துக்கும் இவ்வளவு இல்லை. யமஹாவின் பெரிய தொழிற்சாலை ஒன்று 2015 முதல் நம் வல்லம் வடகாலிலேயே இயங்குகிறது. மரக்காணத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டால் காலை உணவுக்குள் அதன் வாசலில் போய் நிற்கலாம். அங்கே நாள்தோறும் புத்தம் புது வண்டிகள் வெளிவருகின்றன. பழைய ஆர்.டி.க்கு ஒரு பிஸ்டன் வளையம் வேண்டுமென்றால் மட்டும் சொந்தக்காரருக்குப் புதுப்பேட்டைதான் கதி. தன் பிள்ளைக்கு ஊரெல்லாம் புகழ் இருக்க, பிறந்த வீட்டில் மட்டும் பேச்சு இல்லை என்னும் மனக்குறை அவர்களுக்கு உண்டு. அது நியாயமான மனக்குறை என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடற்கரையோ அந்தச் சங்கடத்தை இரட்டிப்பாக்குகிறது. கழுவேலிச் சதுப்பும், பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும், ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளங்களும் சூழ்ந்த இவ்வூரில் காற்றே உப்பு. அந்த உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பின்மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். துரு ஏறுவதற்கு அதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இல்லை. குரோமிய மெருகில் ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே புகுந்து, மேலே பளபளப்பும் உள்ளே சல்லடையுமாகச் செய்துவிடும். டாங்கின் உட்சுவரில் துரு பிடித்தால் அதன் பொடி இறங்கிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது, அந்தக் காலத்து ரப்பர்களுக்கு அது பழக்கமும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? வேகத்தின் மோகம் என்று சொல்லிவிடுவது சுலபம், இன்றைக்கு ஆர்.டி.யைவிட வேகமான வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டன. கிரிக்கெட் வீரர் தோனி, தமக்கு எட்டாத வண்டி உலகில் எதுவுமில்லை என்ற நிலையிலும், ஒரு பழைய ஆர்.டி.யைச் சிரத்தையோடு புதுப்பித்து வைத்திருக்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: கம்பெனி கைவிட்ட அன்றைக்கே இந்த அபிமானம் கம்பெனியை விட்டு நீங்கி, வண்டியின்மேல் தங்கிவிட்டது, தன் கையால் பத்துத் தடவை பிரித்துப் பூட்டிய ஒரு யந்திரத்தை, வாங்கிய பொருளாக ஒருவர் நினைப்பதில்லை, தாம் செய்த பொருளாகவே நினைக்கிறார். ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை வந்து கரைத்துவிட்டுப் போகும் பாத்தியை ஒவ்வொரு தையிலும் மறுபடி மிதித்துக் கட்டும் உப்பளத் தொழிலாளி, இது என் பாத்தி என்று சொல்லும்போது பட்டாவை நினைத்தா சொல்கிறார்?

இந்த நிலைமை ஆர்.டி.க்கு மட்டும் உரியதன்று. மைசூரில் பிறந்த எஸ்டியின் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதன் ரோடுகிங்கை இன்றும் பூஜை அறைபோல் காப்பவர்கள் உண்டு. தென்கொரியாவின் ஹியோசங் வண்டிகளை வாங்கியவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது, கார்வாரே, டி.எஸ்.கே., கினெடிக் என்று விற்பனையாளர் மாறிக்கொண்டே போக, யாரிடம் போய் உதிரிபாகம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். யமஹாவின் ஆர்3 வண்டி 2015இல் வந்து, 2020இல் புதிய புகை விதி வந்ததும் மறைந்து, 2023 டிசம்பரில் திரும்பி வந்தது. பிறகு 2025 பிப்ரவரியில் அதன் விலை ஒரே அடியாக ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரின் மனம் எப்படி இருந்திருக்கும்! சிலரே விரும்பும் வண்டியைச் செய்கிறவர்கள், அந்தச் சிலரை இன்னும் அதிக வாஞ்சையோடு நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. பத்தாண்டுக்கு வேண்டிய பிஸ்டன்களை முன்கூட்டியே செய்து வைப்பது ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சாத்தியமற்ற காரியம் அன்று.

சர்க்காரின் விதிகளும் பழைய வண்டிக்காரர்களுக்கு அனுகூலமாக இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த இரு சக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. ஐம்பது ஆண்டு கடந்தால் ‘விண்டேஜ்’ என்ற பட்டம் பெற்றுத் தனி எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2021இல் விதி வகுத்தார்கள். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் எடுத்துப் போகலாம்.

இதை நான் அந்த ஆர்.டி.க்காரரிடம் எடுத்துச் சொன்னபோது, அவர் துணியைப் பிழிந்து சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார்.

“என் வண்டி எண்பத்தஞ்சு சார். அப்போ எப்ப வருது அந்தப் பட்டம்?”

“2035இல்.”

விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். “எனக்கு எழுபத்துமூணு ஆயிருக்கும். கிக்கரை உதைக்கக் கால் இருந்தா, நான் எதுக்கு சார் அதைக் கண்காட்சியில வைக்கிறேன்?”

முதல் உதைக்கு ஒரு சிலிண்டர் மட்டும் இருமிற்று. இரண்டாவது உதைக்கு இரண்டும் பிடித்துக்கொண்டன.