எத்தனை பத்தி என்று சொல்லாத பக்கம்

செய்தித்தாளின் அகலம் அச்சுக்கூடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதை ஆறு பத்தியாகப் பிரிப்பதா எட்டாகப் பிரிப்பதா என்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. இணையப் பக்கத்தை எழுதுபவருக்கோ தன் பக்கம் கைப்பேசியில் திறக்குமா, மேசைக் கணினியில் திறக்குமா என்பதே தெரியாது. அகலம் தெரியாத தாளில் பத்தி பிரிப்பது எப்படி?

இதற்கு நல்ல விடை கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பக்கங்களின் தோற்றத்தை ஆளும் சிஎஸ்எஸ் மொழியை 1994-இல் ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்தார். தொடக்கத்தில் அதில் பத்தி பிரிக்கவென்று தனி வழி இருக்கவில்லை. அட்டவணைக் கட்டங்களுக்குள் பக்கத்தை அடைத்தார்கள். பிறகு, படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த ‘ஃப்ளோட்’டை வளைத்துப் பத்திகளாக்கினார்கள். 2010-இல் ஈதன் மார்காட் திரைக்கேற்ப மாறும் வடிவமைப்பை முன்வைத்தபின், இந்த அகலம் வரை இரண்டு பத்தி, அதற்கு மேல் மூன்று என்று விதிகள் அடுக்கப்பட்டன. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளிலும் ‘கிரிட்’ என்ற சிஎஸ்எஸ் பத்தி பிரிப்பு முறை வந்தது.

கிரிட்டில் எனக்கு இன்னும் வியப்பு தீராதது ஒரே ஒரு வரி. பத்தி எத்தனை என்று அதில் சொல்வதே இல்லை. ‘குறைந்தது 240 பிக்சல், மிஞ்சுவதைச் சமமாகப் பங்கிடு, கொள்ளும் அளவுக்கு நிரப்பு’ என்பதோடு சரி. பத்திகளுக்கு நடுவே 20 பிக்சல் இடைவெளி என்று கொள்வோம். 1060 பிக்சல் திரையில் நான்கு பத்திகள் அமைந்து, ஒவ்வொன்றும் 250 பெறும். 700-இல் இரண்டு, தலைக்கு 340. 360 பிக்சல் கைப்பேசியில் ஒன்றே ஒன்று, முழு அகலத்துக்கும். எந்தக் கருவியின் பெயரும் விதியில் இல்லை. பத்து வருடம் கழித்து வரப்போகும் திரைக்கும் இதே வரி போதும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எண்ணிக்கையை நாமே மூன்று என்று வைத்து, ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ‘1 எஃப்ஆர்’, என்று மட்டும் எழுதினால், தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடப் பத்தி குறுகாது. ‘ஒப்படைக்கப்பட்டிருந்ததனால்தான்’ போன்ற ஒரு சொல் குறுகிய திரையில் பக்கத்துப் பத்தியின் இடத்தையும் பிடுங்கிவிடும். குறைந்தபட்ச அளவைச் சுழியம் என்று வெளிப்படையாக எழுதினால் பங்கு சமமாகும். ஆனால் சொல் பத்திக்கு வெளியே நீளும். ஆகவே, வேண்டிய இடத்தில் சொல்லை மடிக்கலாம் என்ற அனுமதியையும் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ வழியே சேர்த்தே தர வேண்டும்.