'காதல்' படம் பார்த்து அழுதோம், அப்புறம்?



ராசிபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து முடித்தோம். டி.வி.யில் போட்ட 'காதல்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "ரெண்டு நாளா மனசே சரியில்லைங்க" என்றார் ஒரு அக்கா. பக்கத்தில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

2004 டிசம்பரில் வந்த படம். இயக்கியவர் பாலாஜி சக்திவேல். மதுரையில் வண்டி ரிப்பேர் செய்யும் மெக்கானிக் முருகன். வசதியான வீட்டுப் பள்ளி மாணவி ஐஸ்வர்யா. சாதி வேறு. இருவரும் சென்னைக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்கிறார்கள். சித்தப்பா நயமாகப் பேசி ஊருக்கு அழைத்து வருகிறார். அங்கே பையனுக்கு அடி, உதை. பெண்ணை வேறு ஒருவருக்குக் கட்டி வைக்கிறார்கள். சில வருடம் கழித்து, புத்தி பேதலித்து ரோட்டில் திரியும் முருகனை அவள் பார்க்கிறாள். ரயில் பயணத்தில் ஒருவர் சொன்ன உண்மைச் சம்பவம்தான் இந்தக் கதை.

ஏன் இவ்வளவு அழுகை வருகிறது? அந்தப் பெண் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். மனசில் இருப்பதைச் சொல்ல அவள் வீட்டில் ஆள் இல்லை.

"அதே நம்ம பொண்ணா இருந்தா?" என்று கேட்டோம். கூட்டம் அமைதியானது. "வெட்டிப் போட்டுருவாங்க" என்றது ஒரு குரல்.

இது வெறும் பேச்சல்ல. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் தோழியுடன் பேசிக்கொண்டிருந்த ஓமலூர் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். பெற்ற தாய் வழக்கை விடவில்லை. 2022-ல் மதுரை நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டனை கிடைத்தது, மகன் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

• பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். பயந்துபோய் 16 வயதில் மாமன் மகனுக்குக் கட்டி வைப்பதும் குற்றமே.
• 18 வயது ஆகாத பெண்ணோடு உடலுறவு, அவள் சம்மதித்தாலும், 2012 போக்சோ சட்டப்படி குற்றம். இதைப் பெண்ணுக்கும் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.
• வயது வந்த இருவர் விரும்பிச் செய்யும் கல்யாணத்தைத் தடுக்க ஊருக்கோ உறவுக்கோ உரிமையில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.
• ஆபத்தென்றால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

மகள் வாய் திறக்கும்போது கையை ஓங்காதீங்க. பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீங்க. முழுசாகக் கேளுங்க. சொல்ல இடமிருக்கும் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடும் அவசரம் குறையும்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த அக்கா சொன்னார்: "எம்புள்ளகிட்ட பேசோணும்ங்க. அவங்கப்பாவுக்குத் தெரியாமத்தான் பேசோணும்."

அப்படியாவது பேசுங்கள் அக்கா. அடுத்த குழுக் கூட்டத்தில் அப்பாக்களிடம் எப்படிப் பேசுவது என்று சேர்ந்து யோசிப்போம்.