தொட்டதும் தொடாததும்: சிலம்பப் போட்டியும் ஜொகூர்த் தமிழரின் ஆட்டக்களமும்

புறநானூற்றின் 85ஆம் பாடல் ஒரு மற்போரின் முடிவைப் பற்றிய கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்கிறது. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பாடப்பெற்றவன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. அவ்வூர் அவனுக்குச் சொந்த ஊர் அன்று. அந்நாடும் அவன் நாடு அன்று. ஆகவே பார்த்திருந்தோருள் ஒரு சாரார் வெற்றி அவனுடையதே என்கின்றனர். மற்றொரு சாரார் அன்று என்கின்றனர். வீட்டிலிருந்து விரைந்து வந்து, பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தாம் கண்டதாகப் புலவர் கூறுகிறார். கைக்கிளைத் திணையில் வைத்துக் கற்பிக்கப்படும் இப்பாடலில் காதலை மட்டுமே நாம் பெரிதும் விளக்கி வந்துள்ளோம். வெளியூரான் வென்றால் உள்ளூரார் கண்ணுக்கு அது வெற்றியாகத் தெரிவதில்லை என்னும் செய்தியும் அதனுள் இருக்கிறது. அப்பாடலில் வெற்றியைக் குறிக்கும் சொல் ‘ஆடு’ என்பதாகும். ஆடுதல், ஆட்டம், வெற்றி ஆகிய மூன்றும் ஒரே சொல்லடியில் நிற்பதும் நோக்கத்தக்கது.

ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி மண்டபம் ஒன்றில் வார இறுதியில் நடைபெறும் சிலம்பப் போட்டியைக் காணச் செல்வோர் இதே இரு சாராரையும் இன்றும் காணலாம். கம்பு தோளில் பட்டது என்பார் ஒரு பக்கம். உடையைத்தான் உரசியது என்பார் மறுபக்கம். இக்கட்டுரை அவ்வழக்கை விளக்க முற்படுகிறது. சிலம்பம் போட்டி விளையாட்டாக உருமாறும்போது அதனுள் எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் நழுவுகிறது என்பதே இங்குக் கேள்வி.

பெயரும் பழமையும்

சிலம்பத்தின் தொன்மை பற்றி மேடைகளில் கூறப்படும் செய்திகளைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் பெயரில் உள்ள சிலம்பு காலணியே. அதைக் கம்பு விளையாட்டோடு இணைத்துப் பேசுவதற்கு நூலின் கதை இடம் தருவதில்லை. சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்னும் பொருள் உண்டு. சுழலும் கம்பு காற்றைக் கிழித்து எழுப்பும் ஓசையால் இப்பெயர் வந்திருக்கலாம் என்னும் விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது. பழஞ்சான்று வேண்டுவோர்க்குப் பட்டினப்பாலை உதவும். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை மணலில் பரதவர் கையாலும் படைக்கலத்தாலும் ஒருவர் மெய்யை ஒருவர் தீண்டிப் புறங்கொடாமல் பொருத காட்சி அதில் உள்ளது. அது சிலம்பம் என்று அந்நூல் கூறவில்லை. ஆனால், மெய் தீண்டுதலே ஆட்டத்தின் அளவுகோல் என்னும் கருத்து அங்கேயே தெளிவாக நிற்கிறது.

தற்கால ஆய்வு என்று பார்த்தால், ஜே. டேவிட் மனுவேல் ராஜ் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்முயற்சியாகும். அது உடற்கல்வித் துறையில் எழுந்தது என்பதையும் நாம் கருத வேண்டும். தமிழ்த் துறைகள் சிலம்பத்தை நாட்டார் வழக்காற்றியலின் ஒரு பத்தியாகவே பல காலம் வைத்திருந்தன.

பிரட்டுக்களத்திலிருந்து பள்ளி மண்டபத்துக்கு

ஜொகூரின் உட்பகுதி தோட்டங்களுக்குத் திறந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1909இல் இம்மாநிலத்தை ஊடறுத்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றது. இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவதற்கான இந்தியக் குடியேற்ற நிதி 1907இல் மலாயாவில் அமைக்கப்பெற்றிருந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனப் பாதையோரம் பெருகிய பால்மரத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழர் வந்தனர். இந்திய அரசு 1938இல் இவ்வகை ஆள்சேர்ப்புக்குத் தடை விதிக்கும் வரை இவ்வரவு ஏற்ற இறக்கத்தோடு தொடர்ந்தது. ஒரே வட்டாரத்தவர், சில வேளைகளில் ஒரே ஊரார், ஒரே தோட்டத்தில் குடியமர்வது கங்காணி முறையின் இயல்பு. ஆகவே அவ்வட்டாரத்தின் அடிமுறையும் அத்தோட்டத்தில் வந்து தங்கியது. தோட்டத்துக்குத் தோட்டம் சுவடு வேறுபட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தமையால் பயிற்சி மாலையிலும் இரவிலும் கோயில் திடலில் நடைபெற்றது. மூங்கிலின் இடத்தைப் பிரம்பு பிடித்துக்கொண்டது. இந்நாட்டுக் காட்டில் அது எளிதாகக் கிடைத்தது. ஆட்டக்காரரின் நெற்றி மட்டத்துக்கு வெட்டிய பிரம்பு மூங்கிலைவிட வளைந்து கொடுக்கும்; எனவே அடி விழும் விதமும் மீளும் விதமும் மாறும். திருவிழாவில் ஊர்வலத்தின் முன்னே ஆடுவதும், ஆண்டுக்கு ஒரு முறை அண்டைத் தோட்டத்து ஆசானின் மாணவரோடு மோதுவதும் வழக்கம். அம்மோதலுக்கு எழுதிய விதி இல்லை. கம்பைத் தட்டி விடுதல், தலைப்பாகையை வீழ்த்துதல், மெய்யைத் தொட்டு மீளுதல் என்பவை வெற்றியின் அடையாளங்கள். ஐயம் எழுந்தால் ஆசான்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வர், தீராமலும் போகும்.

பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் கொடுத்தது. மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் எனத் தமிழர் பெயர்ந்தனர். தோட்டம் போனபோது திடலும் போயிற்று. ஆசானை இடம்பெயர்ந்த மாணவர்கள் தேடிச் சென்று பயில வேண்டிய நிலையில், கழகம் என்னும் அமைப்பும் போட்டி என்னும் நிகழ்ச்சியும் அவ்விடைவெளியை நிரப்பின. இம்மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இன்று சிலம்பத்துக்குக் கிடைத்துள்ள முக்கியமான களங்களாகும். இம்மாற்றத்தின் சிறந்த விளைவு பெண்பிள்ளைகளின் வருகை. கோயில் திடலில் இரவில் நடந்த பயிற்சியில் அவர்களுக்கு இடம் அரிது. பள்ளி மண்டபத்தில் அத்தடை இல்லை.

எது தொடுதல்?

இன்றைய போட்டிகளில் பொதுவாக இரு பெரும் பிரிவுகள் உள. ஒன்று தனித்திறன்: ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வேல்கம்பு, வாள், சுருள்வாள், மான்கொம்பு என ஆயுதம் ஏந்தித் தனியே ஆடிக் காட்டுதல். மற்றொன்று எதிராளியோடு மோதும் தொடுமுறை. தனித்திறனில் நடுவர் மதிப்பெண் இடுவர். வேகமும் உடையும் இசையும்கூடக் கண்ணை ஈர்க்கும். வழக்கு பெரிதும் எழுவது தொடுமுறையில்தான்.

கம்பின் நுனி மெய்யில் பட்டால் புள்ளி. கேட்பதற்கு இவ்விதி எளிது. ஆனால், இருவர் கம்பும் ஏறக்குறைய ஒரே நொடியில் பட்டால்? தடுத்த கம்பு வளைந்து அதன் நுனி தோளை வருடினால்? வேகமே இல்லாமல், கம்பை நீட்டியபடி நின்று, எதிராளி தானாக வந்து பட்டால்? வெட்டுப் போரில் மரணமாகியிருக்கக்கூடிய அடியும், ஈயை ஓட்டும் அளவிலான உரசலும் ஒரே புள்ளி பெறுவது முறையா? போட்டி முடிந்து ஆட்டக்காரர்கள் கம்புகளைத் துணிப்பையில் இட்டுக் கட்டும்போது பேசிக்கொள்வது இவற்றைத்தான். தோற்றவர்கள் மட்டும் இவ்வாறு பேசுவதில்லை. வென்ற சிலரும், தாம் பெற்ற புள்ளிகளுள் இரண்டோ மூன்றோ தம் ஆசான் ஏற்றுக்கொள்ளாதவை என்று தயக்கமின்றிக் கூறுவர். அத்தயக்கமின்மை என்னை வியக்க வைத்தது. தேர்வில் கிடைத்த மிகை மதிப்பெண்ணைப் பற்றி நம் மாணவர் எவரும் அவ்வாறு பேசக் கேட்டதில்லை.

இச்சிக்கல் சிலம்பத்துக்கு மட்டும் உரியதன்று. மேலை நாட்டு வாள்வீச்சு இதனைக் கருவியால் தீர்க்க முயன்றது. எப்பே என்னும் பிரிவில் மின்பதிவுக் கருவி 1936 ஒலிம்பிக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 1/25 விநாடிக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி உண்டு. ஃபாயில், சேபர் பிரிவுகளில் வேறு வழி கண்டனர்: முறையாகத் தாக்குதலைத் தொடங்கியவருக்கே முன்னுரிமை, யார் தொடங்கினார் என்பதை நடுவரே முடிவு செய்வார். கருவி வந்த பின்னும் மனிதக் கண்ணைத் தவிர்க்க முடியவில்லை என்பது இதன் பொருள்.

டைக்குவாண்டோவின் அனுபவம் நம்மை எச்சரிக்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு மின்னணு உடற்கவசத்தை ஏற்றது. நடுவரின் ஒருதலைச் சார்பு பற்றிய குற்றச்சாட்டுகள் குறைந்தன. ஆனால், ஆட்டம் மாறியது. முன்காலைத் தூக்கியபடி நின்று, கவசத்தில் பட்டும் படாமலும் தட்டிப் புள்ளி சேர்க்கும் உத்தி பெருகிற்று. காலால் ஆடும் வாள்வீச்சு என்று அதனை ஏளனம் செய்தவர்கள் அவ்விளையாட்டின் உள்ளே இருந்தவர்களே. கருவி எதை உணர்கிறதோ அதையே ஆட்டக்காரர் பயில்கிறார். இதில் அவர்மேல் குறை காண முடியாது.

ஜப்பானியரின் கெண்டோ இதற்கு நேர்மாறான வழியில் நிற்கிறது. தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய இடங்களில் மூங்கில் வாள் பட்டால் மட்டும் போதாது. குரலும் வாளும் உடலும் ஒன்றியிருக்க வேண்டும். அடித்த பின்னும் விழிப்பு நீடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் கை தூக்கிக் கொண்டாடினால் அப்புள்ளி பறிக்கப்படலாம். கொடி ஏந்திய மூன்று நடுவருள் இருவர் ஒப்பினால்தான் அது செல்லும். இதற்கு ஒரு விலையும் உண்டு. வெளியார்க்குத் தீர்ப்பு விளங்குவதில்லை. கெண்டோ ஒலிம்பிக்கிலும் இல்லை. அவ்விலையை அதன் பெரியோர் அறிந்தே கொடுத்து வருகின்றனர்.

அண்டையில் உள்ள சீலாட் இரண்டையும் பிரித்துக்கொண்டது. 1980இல் நான்கு நாடுகள் சேர்ந்து அனைத்துலகச் சம்மேளனம் அமைத்தன. 1987 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அது இடம்பெறுகிறது. மோதல் ஒரு பிரிவு. மூன்று நிமிடத்தில் 100 அசைவுகளை வரிசை பிறழாமல் செய்து காட்டும் தனியாட்டம் மற்றொரு பிரிவு. 2019இல் மலேசியாவின் சீலாட் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரே நாட்டில், பக்கத்து மண்டபத்தில் பயிலப்படும் கலைக்கு இத்தனையும் கிடைத்திருக்க, சிலம்ப ஆசிரியர்கள் ஒழுங்கமைந்த விதிநூலை வேண்டுவதில் வியப்பில்லை. தமிழகத்தில் 2024 ஜனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் அவ்வேட்கையைத் தூண்டியுள்ளது.

என் கருத்தில், சிலம்பம் கெண்டோவின் பக்கம் சாய்வதே தகும். சுவடு இன்றிக் கிடைத்த தொடுதலுக்குப் புள்ளி கொடுக்கும் ஒவ்வொரு போட்டியும், சுவடு பயில ஆண்டுகளைச் செலவிட்ட மாணவருக்கு அது வீண் என்று கற்பிக்கிறது. மறுப்பவர்களின் வாதமும் வலுவானது. சுவட்டை மதிப்பிடுவது என்றால் யாருடைய சுவட்டை? நடுவராக அமர்பவர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கழகத்தின் ஆசான். களத்தில் நிற்பவருள் ஒருவர் அவர் மாணவராகவோ அவர் மாணவரின் மாணவராகவோ இருப்பார். நக்கண்ணையார் காலத்து வழக்கு இங்குதான் மீண்டும் எழுகிறது. பட்டதா இல்லையா என்னும் எளிய விதி, குறையுடையதாயினும், வெளியூர் மாணவருக்கு ஒரு காப்பு. கெண்டோவில் நடுவரின் கண் ஒத்துப்போவதற்குக் காரணம், 1952இல் அமைந்த ஒரே தேசியச் சம்மேளனத்தின் கீழ் பொதுவான அடிப்படை வரிசைகளை அனைவரும் பயின்றிருப்பதாகும். நம்மிடம் அத்தகைய பொதுவரிசை இல்லை. தோட்டத்துக்கொரு சுவடு என்னும் செல்வமே இங்குத் தடையாகவும் இருக்கிறது.

திரையிலும் ஒரு களம்

இங்கு ஒரு சிறு விலகல் பொறுத்துக்கொள்ளப்படுமாக. இதே மாணவருள் பலர் திரைச் சண்டை விளையாட்டுகளையும் ஆடுகின்றனர். 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பிரிவில் தென் கொரியாவின் கிம் குவான்-வூ தங்கம் வென்றபோது அவருக்கு வயது 44. அவ்வகை விளையாட்டில் விநாடிக்கு 60 படச்சட்டங்கள். அடி பட்டதா என்பதைக் கணிப்பொறி ஐயமின்றிச் சொல்லிவிடும். ஆயினும் அங்கும் போட்டிக்குப் பின் வாதம் ஓய்வதில்லை: தூர நின்று காலம் கடத்தி வென்றது வெற்றியா, ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது திறமையா என்று அது நீள்கிறது. தொடுதல் பற்றிய ஐயம் முற்றிலும் நீங்கிய இடத்திலும் ஆட்டத்தின் தகுதி பற்றிய வழக்கு அப்படியே நிற்கிறது.

போட்டிக்குப் பின்

சிலம்பச் சமூகத்தை வெளியிலிருந்து காண்பவர்க்கு எளிதில் புலப்படாத ஒன்று உண்டு. வழக்கிட்டுக்கொண்ட இருவர் அடுத்த வாரம் ஒரே திடலில் பயில்வர். போட்டியில் தம்மைத் தொட்ட வீச்சை மெதுவாக மீண்டும் செய்து காட்டும்படி தோற்றவர் கேட்பார். வென்றவர் மறைக்காமல் காட்டுவார். முற்காலத்தில் ஆசான் தம் சிறப்பு அடியைப் பிற தோட்டத்தார் கண்ணில் படாமல் காத்தார் என்பதை எண்ணினால் இது பெரிய மாற்றம். கழகங்களுக்கிடையிலான பகையைப் போட்டி வளர்க்கிறது என்பது உண்மையே. கழகங்களின் சுவடுகள் ஒன்றையொன்று அறிவதும் போட்டியால்தான் நிகழ்கிறது.

அவ்வறிதல் பெயரளவில் இன்னும் நிகழவில்லை. ஒரே காலடி வைப்புக்குக் குளுவாங்கில் ஒரு பெயரும் மாசாயில் வேறு பெயரும் வழங்குகின்றன. சில இடங்களில் பெயரே இல்லாமல் எண்ணால் சுட்டுகின்றனர். நடுவர் தாளில் குறிப்பு எழுதும் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவேடும் அறிவிப்பும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைய, களத்தின் ஓரத்திலிருந்து ஆசான் மாணவருக்குக் கொடுக்கும் குரல் மட்டும் தமிழில் எழுகிறது. அக்குரலில் வரும் சொற்களை வட்டாரம் வாரியாகத் தொகுக்கும் பணியை மாநிலத்துத் தமிழாசிரியர்கள் பள்ளி அளவிலேயே தொடங்க இயலும்; பெயர், காலடியின் வரைபடம், கற்பித்தவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார் என்னும் மூன்று குறிப்புகள் போதும். மூத்த ஆசான்களுள் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.