கண்ணாடி ஏன் ஒழுகிப் போவதில்லை?

புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த மணிகள் அவை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் திகைத்துப்போவீர்கள். திரவத்தில் இருப்பதுபோலவே அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கும்! பிறகு எப்படிக் கல்லாய் நிற்கிறது?

நார்த்தாமலைத் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கூட்டம் குறைவு, நினைத்த பக்கம் நடக்கலாம். போகப் போக நெரிசல். நீங்கள் ஓரடி வைக்கப் பக்கத்து ஆள் நகர வேண்டும். அவர் நகர, அவருக்கு அடுத்தவர். யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனாலும் யாராலும் அசைய முடியவில்லை.

கண்ணாடி செய்ய உருக்கிய மணலும் அப்படித்தான். அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாக அவகாசம் வேண்டும். அதற்குள் ஆறிவிட்டால், ஒவ்வோர் அணுவும் அண்டை அணுக்களின் நடுவே சிக்கிக்கொள்ளும். ஒன்று நகர ஒரு கும்பலே சேர்ந்து நகர வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராக இறுகுவதும் இல்லை: ஓரிடம் உறைந்து நிற்க, பக்கத்திலேயே இன்னும் சலசலப்பு இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆற ஆற இந்த இறுக்கம் ஏன் அத்தனை வேகமாக ஏறுகிறது? நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன், திடப்பொருள் இயற்பியலில் விடை காணாத மிக ஆழமான புதிர் இதுவாக இருக்கலாம் என்று 1995-இல் எழுதினார். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் கணினிக்குள் அணுக்களை ஓடவிட்டு இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள்.